பிறக்கும் முன்பே கட்டி முடிந்த வீடு

குளத்தின் அடிச்சேற்றில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். மணல் துகள்களுக்கு நடுவே ஒரு மணல் உருண்டை மட்டும் மெதுவாக நகர்வது தெரியலாம். உற்றுப் பார்த்தால் அது பளிங்குத் துணுக்குகளை இடைவெளி தெரியாமல் பொருத்திச் செய்த கோளம். ஒரு பக்கத்தில் வட்டமான வாய். அந்த வாயின் விளிம்பைச் சுற்றிச் சீரான இடைவெளியில் பற்கள். எதிர்ப்பக்கத்தில் சில கூர்முனைகள். மொத்த அகலமே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இதைக் கட்டிய உயிருக்கு மூளை கிடையாது. நரம்பு, கண், கை எதுவும் கிடையாது. அது ஒரே ஒரு செல். அதன் பெயர் டிஃப்லூஜியா கொரோனா.

பள்ளியில் நாம் எல்லோரும் அமீபா வரைந்திருக்கிறோம். கோணல்மாணலாக ஒரு கோடு, நடுவில் உட்கரு, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி. ஒழுங்கான வடிவம் இல்லாததுதான் அமீபாவின் அடையாளம் என்று படித்தோம். அதே அமீபாக்களில் ஒரு பெருங்கூட்டம் மிகத் துல்லியமான வடிவம் கொண்ட ஓடுகளுக்குள் வாழ்கிறது என்பதைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. இவற்றை ஓடுடை அமீபாக்கள் என்று அழைக்கலாம். இதுவரை விவரிக்கப்பட்டவை ஏறத்தாழ 2,000 வகைகள். பெரும்பாலானவை 20 முதல் 200 மைக்ரான் வரை நீளம் கொண்டவை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

இவற்றின் அழகில் மயங்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க இயற்கையியலாளர் ஜோசஃப் லைடி. ஹாட்ரோசாரஸ் என்ற டைனோசரை 1858இல் விவரித்தவர் அவர். அவ்வளவு பெரிய எலும்புகளைக் கையாண்ட மனிதர், குளத்து நீரிலும் சதுப்புப் பாசியிலும் கிடைத்த கண்ணுக்குத் தெரியாத இந்த ஓடுகளை ஆண்டுக்கணக்கில் தேடி வரைந்தார். வட அமெரிக்காவின் நன்னீர் அமீபாக்களைப் பற்றி 1879இல் அவர் வெளியிட்ட பெருநூலில் 48 படத்தகடுகள் உள்ளன. கேமரா இல்லாமல் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்த அந்தப் படங்களை வைத்து இன்றும் வகைகளை அடையாளம் காண முடிகிறது.

ஓட்டின் அமைப்பு எளிமையானது. ஒரு கூடு, அதற்கு ஒரே ஒரு வாய். உள்ளே செல் உட்கார்ந்திருக்கும். உணவு உள்ளே போவது, கழிவு வெளியேறுவது, நகர்வது எல்லாமே அந்த ஒரு வாய் வழியாகத்தான். நகர வேண்டும் என்றால் செல் தன் உடலின் ஒரு பகுதியை விரல்போல வெளியே நீட்டும். இதற்குப் போலிக்கால் என்று பெயர். அதன் நுனி தரையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு போலிக்கால் சுருங்கும். ஓடு முன்னால் இழுபடும். ஆபத்து வந்தால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்த வீட்டை எப்படிக் கட்டுகிறது என்பதுதான் கேள்வி. வெளியே ஒவ்வொரு கல்லாக ஒட்டி, மெல்ல மெல்லப் பெரிதாக்கும் என்று நாம் நினைப்போம். நத்தை அப்படித்தான் வளர்கிறது. டிஃப்லூஜியாவின் வழி வேறு. ஓடு ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு வளராது. உடைந்தால் அதைப் பழுது பார்க்கவும் செல்லால் முடியாது. ஓடு கட்டும் தருணம் அதன் வாழ்வில் ஒரே ஒருமுறைதான் வருகிறது: செல் இரண்டாகப் பிரியும்போது.

அதற்கான ஏற்பாடு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆல்காவையும் பாக்டீரியாவையும் தின்றுகொண்டே போகும் அமீபா, வழியில் அகப்படும் மணல் துகள்களையும் விழுங்குகிறது. உணவைச் செரிக்கிறது, மணலைச் சேமிக்கிறது. வீடு கட்ட நினைக்கும் ஒருவர் செங்கல், ஜல்லி, சிமென்ட் முழுவதையும் தன் வயிற்றுக்குள் அடுக்கிக்கொண்டு அன்றாட வேலையைப் பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். டிஃப்லூஜியா செய்வது அதைத்தான். அவ்வளவும் தனக்காக இல்லை. இன்னும் பிறக்காத மகள் செல்லுக்காக.

பிரியும் நேரம் வந்ததும் செல் நீரை உறிஞ்சிப் பெருக்கிறது. உடலின் ஒரு பகுதி வாய் வழியாக வெளியே பிதுங்கி, தாய் ஓட்டுக்கு எதிரே, அதே அளவில், அதே வடிவில் உப்பி நிற்கிறது. உள்ளே சேமித்த மணல் துகள்கள் ஒவ்வொன்றாக வாய் வழியாக இந்தப் புது மொட்டுக்குள் வந்து, அதன் மேற்பரப்பை அடைகின்றன. அங்கே அவை பக்கவாட்டில் நகர்ந்து, ஒன்றின் அருகே ஒன்று பொருந்துகின்றன. பெரிய துணுக்குகளுக்கு இடையே விழும் சந்துகளைச் சிறிய துணுக்குகள் நிரப்புகின்றன. செல் சுரக்கும் பசை அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. இந்தப் பசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அது வெறும் பூச்சாக இல்லாமல், பல வகைகளில் நுண்ணிய வளையங்களாலும் மணிகளாலும் ஆன வலைப்பின்னலாகத் தெரிகிறது. அந்தப் பின்னலின் வடிவம் வகைக்கு வகை மாறுவதால், எந்த இனத்தின் ஓடு என்று கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது.

புது ஓடு முழுமையான பிறகு உட்கரு இரண்டாகி, ஒன்று அதற்குள் குடியேறுகிறது. இரண்டு ஓடுகளும் வாயோடு வாய் ஒட்டியபடி சிறிது நேரம் நிற்கும். பிறகு இணைப்பு அறுந்து இரண்டும் தனித்தனியே நகர்ந்துவிடும். பழைய ஓடு ஒன்றுக்கு, புது ஓடு மற்றொன்றுக்கு. மகள் செல் தன் தனி வாழ்வைத் தொடங்கும்போதே வீடு தயார்.

செல் எந்தத் துகளையும் எடுத்துக்கொள்ளுமா, மணல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்குமா? ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் வெர்வோர்ன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைச் சோதித்தார். டிஃப்லூஜியா வாழ்ந்த நீரில் மணலுக்குப் பதிலாக நிறக் கண்ணாடியின் தூளைப் போட்டார். அடுத்துப் பிறந்தவை கண்ணாடி வீடுகளோடு பிறந்தன. பொருள் மாறியது, வீட்டின் வடிவம் மாறவில்லை. சோதனை எளியது, ஆனால் அது சொன்ன செய்தி பெரியது. வடிவம் கல்லில் இல்லை. கல்லை அடுக்கும் செல்லில் இருக்கிறது.

செல்லில் எங்கே இருக்கிறது என்பதற்கு அடுத்த தலைமுறை ஆய்வாளர் ஒருவர் இன்னும் வியப்பான விடையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ், டிஃப்லூஜியா கொரோனாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒவ்வொன்றின் பற்களையும் கூர்முனைகளையும் எண்ணிப் பதிவு செய்தார். ஒரே தாய் செல்லின் வழிவந்தவற்றைக் கூட தேர்ந்தெடுத்து வளர்த்தால், கூர்முனை அதிகமுள்ள கிளையும் குறைவான கிளையும் பிரிந்து நிலைபெறுகின்றன என்று 1916இல் காட்டினார். பாலினம் இல்லாமல் வெறுமனே பிரிந்து பெருகும் உயிரிலும் மரபு மாறுபாடு சேர்கிறது என்பதற்கு அது வலுவான சான்று.

என்னைக் கேட்டால், 1937இல் அவர் வெளியிட்ட அடுத்த ஆய்வுதான் இதைவிட அருமையானது. ஒரு செல்லின் ஓட்டு வாயிலிருந்து சில பற்களை மட்டும் அவர் உடைத்து எடுத்தார். மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அகலமுள்ள பொருளின் வாயில் பல் பிடுங்குவது! அந்தச் செல் பிரிந்தபோது பிறந்த மகளின் ஓட்டிலும் பற்களின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறியிருந்தன. மரபணுவை அவர் தொடவில்லை. ஓட்டை மட்டும்தான் தொட்டார். இருந்தும் மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போனது.

காரணம், புது ஓடு பழைய ஓட்டோடு வாயோடு வாய் வைத்து உருவாகிறது. தாயின் இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் மகளின் ஒரு பல் உருவாகிறது. தாயின் வாயே மகளின் வாய்க்கு அச்சு. அச்சில் பல் உடைந்தால் வார்ப்பிலும் அது தெரியும். ஆனால் இந்த மாற்றம் என்றென்றைக்கும் நீடிக்கவில்லை. அடுத்தடுத்த தலைமுறைகளில் ஒழுங்கான வாய் மெல்ல மீண்டது. ஒரு பக்கம் தாயின் ஓடு என்ற அச்சு, மறுபக்கம் செல்லின் உள்ளிருந்து வரும் ஒழுங்கு. இரண்டும் சேர்ந்துதான் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. டி.என்.ஏ.வின் அமைப்பு கண்டுபிடிக்கப்படுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, மரபு என்பது மரபணு வழியாக மட்டும் வருவதில்லை என்பதை ஒரு மணல் வீடு காட்டிவிட்டது.

மணலைப் பொறுக்காமல் கட்டுமானப் பொருளைத் தானே உற்பத்தி செய்யும் அமீபாக்களும் உண்டு. யூக்ளைஃபா அவற்றில் ஒன்று. பாசியிலும் காட்டுச் சருகிலும் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. அதன் ஓடு முட்டை வடிவம்; ஒன்றன் மேல் ஒன்று விளிம்பு படிந்த நீள்வட்டச் செதில்களால் ஆனது. செதில்கள் சிலிக்காவால் ஆனவை, அதாவது கண்ணாடிக்கும் மணலுக்கும் அடிப்படையான அதே பொருளால். மணலை உருக்க நமக்குச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. யூக்ளைஃபா, நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சி, செல்லுக்குள் இருக்கும் நுண்பைகளில் வைத்து, குளிர்ந்த நீரிலேயே செதிலாக வார்க்கிறது.

செய்த செதில்களை உடனே வெளியே அனுப்புவதில்லை. உட்கருவைச் சுற்றி அடுக்கி வைத்துக்கொள்கிறது. எல்லாச் செதிலும் ஒன்றுபோல் இருக்காது என்பதுதான் இதில் நுட்பம். உடல் பகுதிக்கான செதில்கள் வழவழப்பான விளிம்பு கொண்டவை. வாய்க்கு உரியவை பல் வெட்டுக்கள் உள்ளவை. சில வகைகளில் முள்ளோடு கூடிய செதில்களும் உண்டு. பிரியும் நேரத்தில் அத்தனையும் வெளியேறி, வாய்க்கு உரியவை வாயிலும் உடலுக்கு உரியவை உடலிலும் போய் அமர்கின்றன. எந்தச் செதில் எங்கே என்று சொல்ல அங்கே மேஸ்திரி யாரும் இல்லை.

இப்போது ஒரு திருப்பம். டிஃப்லூஜியாவும் யூக்ளைஃபாவும் பார்வைக்கு நெருங்கிய உறவினர் போலத் தோன்றினாலும், மரபணுக்களை ஒப்பிட்டால் மிகத் தொலைவில் நிற்கின்றன. டிஃப்லூஜியாவின் போலிக்கால் விரல்போலத் தடித்தது. யூக்ளைஃபாவினுடையது நூல்போல மெல்லியது. அந்தச் சிறிய வேறுபாட்டுக்குப் பின்னால் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பிரிவு இருக்கிறது. இன்றைய உயிர்க் குடும்ப மரத்தின்படி டிஃப்லூஜியா, யூக்ளைஃபாவைவிட மனிதர்களாகிய நமக்கு நெருக்கமான உறவு! ஓடு கட்டும் கலையை இந்த இரண்டு வம்சங்களும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. வாயோடு வாய் வைத்து மகளுக்கு முன்கூட்டியே வீடு கட்டும் முறை வரைக்கும் இருவரிடமும் ஒன்றாக இருப்பது, பரிணாமத்தின் பெரிய தற்செயல்களில் ஒன்று.

நெபெலா என்ற வகை இன்னொரு வழியைக் கண்டிருக்கிறது. அது யூக்ளைஃபா போன்ற சிறிய ஓடுடை அமீபாக்களைப் பிடித்துத் தின்கிறது. உடல் செரித்துப் போகிறது. சிலிக்காச் செதில்கள் அப்படியே மிஞ்சுகின்றன. அவற்றைச் சேமித்துத் தன் மகளின் ஓட்டில் பதிக்கிறது நெபெலா. அதன் ஓட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டம், நீள்வட்டம், கோல் எனப் பல வடிவத் தகடுகள் கலந்து கிடக்கும். அது சாப்பிட்டவற்றின் பட்டியலை அதன் சுவரிலேயே படித்துவிடலாம்.

வீட்டை விட்டு வீட்டுக்காரரைப் பார்த்தால் அங்கேயும் அதிசயங்கள் குறையவில்லை. 1895இல் ஜெர்மானிய உயிரியலாளர் ராபர்ட் லவுட்டர்போர்ன், ரைன் ஆற்றுப் பகுதியில் கண்டெடுத்த ஒரு சிறிய ஓடுடை அமீபாவை விவரித்தார். பாலினெல்லா குரோமடோஃபோரா என்பது அதன் பெயர். நீளம் 30 மைக்ரானுக்குள் அடங்கும். உள்ளே இரண்டு நீலப்பச்சை நிறக் குழல்கள் வளைந்து கிடந்தன. இந்த அமீபா எதையும் பிடித்துத் தின்பதில்லை. ஒளி பட்டால் போதும். தனக்கான உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அந்தக் குழல்கள் ஒரு காலத்தில் சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் தனித்த நுண்ணுயிரிகள். சுமார் 9 முதல் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலினெல்லாவின் மூதாதை ஒன்று அவற்றில் ஒன்றை விழுங்கியது, செரிக்காமல் வைத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்தே வாழ்ந்து, சேர்ந்தே பிரிந்து, இன்று ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. 2008இல் அந்தக் குழலின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தார்கள். சுதந்திரமாக வாழும் அதன் உறவினர்களுக்கு ஏறத்தாழ 30 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதி இருக்க, இதற்கு எஞ்சியது சுமார் 10 லட்சம். புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் 867 மட்டுமே. மீதியில் தேவையான பலவற்றை அமீபாவின் உட்கருவே செய்து உள்ளே அனுப்புகிறது.

இதன் முக்கியத்துவத்தை ஒரு செடியைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். நெல், வேம்பு, ஆலமரம் என எந்தத் தாவரத்தின் பச்சை நிறத்துக்கும் காரணம் பசுங்கணிகம் என்ற உள்ளுறுப்பு. அதுவும் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல் விழுங்கிய சயனோபாக்டீரியாவின் வாரிசுதான். பூமியின் வரலாற்றில் அப்படி ஒரு நிகழ்வு நடந்தது ஒரே ஒருமுறை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இரண்டாம் முறை நடந்ததற்கான உயிருள்ள சாட்சி பாலினெல்லா. அதுவும் நடந்து முடிந்து வெகுகாலம் ஆகாத நிலையில், வேலை பாதியில் இருக்கும்போதே பார்க்கக் கிடைத்த சாட்சி.

பாலினெல்லா வீடு கட்டும் விதமும் தனி. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து படம்பிடித்தார்கள். செதிலை உள்ளே ஒவ்வொன்றாகத் தயாரித்து, வாய் வழியாக வெளியே தள்ளி, தடித்த ஒரு போலிக்காலால் பிடித்துச் சரியான இடத்தில் பொருத்துகிறது. இப்படி ஏறத்தாழ 50 செதில்களைத் தன் வாய்க்கு எதிரே வெட்டவெளியில் அடுக்கி வெறும் கூடு ஒன்றைக் கட்டி முடிக்கிறது. பிறகுதான் செல் பிரிகிறது. ஒரு மகள் உள்ளே குடிபோகிறது.

உண்பதற்காகக் கூட்டுச் சேரும் அமீபாவும் உண்டு. மண்ணில் வாழும் கிரிப்டோடிஃப்லூஜியா ஓபர்குலாட்டா என்பதன் அளவு 20 மைக்ரானுக்குள். அதன் அருகே நெளியும் நூற்புழு ஒரு மில்லிமீட்டர், அதாவது நீளத்தில் ஐம்பது மடங்கு. தசையும் நரம்பும் வாயும் கொண்ட முழு விலங்கு அது. ஸ்டெஃபான் கெய்சனும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சின்ன அமீபாக்கள் பல சேர்ந்து புழுவை ஒட்டிப் பிடித்து, அது துடிக்கத் துடிக்க அடக்கித் தின்பதைப் பதிவு செய்தார்கள். ஒற்றைச் செல் உயிர்களின் கூட்டு வேட்டை! மண்ணுக்குள் யார் யாரைத் தின்கிறார்கள் என்று நாம் எழுதிவைத்த வரிசை அங்கே தலைகீழாகிறது.

வட்டத் தட்டு வடிவ ஓடு கொண்ட ஆர்செல்லாவுக்கு வேறொரு திறமை. இது மணலும் சேர்ப்பதில்லை, சிலிக்காவும் வார்ப்பதில்லை. செல் சுரக்கும் புரதப் பொருளால் நுண்ணறைகளாக ஓட்டை நெய்கிறது. புதிதில் ஓடு நிறமற்றுத் தெளிவாக இருக்கும். நாளாக நாளாக இரும்பும் மாங்கனீசும் படிந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். வாய் அடிப்புறத்தின் நடுவில் இருப்பதால் தவறி மல்லாக்க விழுந்தால் சிக்கல். போலிக்கால் தரையைத் தொடாது. அப்போது ஆர்செல்லா தன் உடலுக்குள் வாயுக் குமிழிகளை உருவாக்குகிறது. ஓடு சாய்ந்து எழும், போலிக்கால் எதையாவது பற்றும், குமிழிகள் மறையும். குளத்தின் அடியிலிருந்து மேலே மிதந்து வரவும் இதே உத்திதான்.

வறட்சி வந்தால் பல வகைகள் வாயை அடைத்துக்கொண்டு, உள்ளே உருண்டு திரண்டு, உயிரியக்கத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. கோடையில் காய்ந்து கருகிப்போன பாசிக்குள் அவை உறங்குகின்றன. முதல் மழை நனைத்ததும் மீண்டும் போலிக்கால் நீளும்.

இந்த வாழ்க்கை முறை எவ்வளவு பழையது? அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் சூவார் பாறைத்தொகுதி என்று ஒன்று உண்டு. அங்கே குடுவை வடிவத்தில் நுண்ணிய தொல்லெச்சங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சூசன்னா போர்ட்டரும் ஆண்ட்ரூ நோலும் 2000ஆம் ஆண்டில் அவற்றை விரிவாக ஆராய்ந்து, ஓடுடை அமீபாக்களின் ஓடுகளோடு அவை ஒத்துப்போவதைக் காட்டினார்கள். வயது 73 கோடி ஆண்டுகளுக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியதே 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இந்த ஓடுகள் உருவானபோது எந்த விலங்கின் தொல்லெச்சமும் பாறையில் பதியத் தொடங்கவில்லை. அவற்றில் சில ஓடுகளில் வட்டமாகவும் அரைவட்டமாகவும் துளைகள் இருப்பதைப் பின்னர் போர்ட்டர் கவனித்தார். இன்றைய நீர்நிலைகளில் பிற செல்களின் சுவரைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும் அமீபாக்கள் விடும் தடயம் அதே போன்றது. வேட்டையும் தற்காப்பும் அவ்வளவு பழையவை. ஓடு எதற்கு என்ற கேள்விக்கும் அங்கே ஒரு விடை கிடைக்கிறது.

செல் இறந்தாலும் ஓடு அழியாமல் மண்ணில் தங்குவதால் இவை நல்ல சாட்சிகளாகவும் ஆகின்றன. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஸ்பேக்னம் என்ற பாசி வளர்ந்து, மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த சதுப்பு நிலங்கள் உள்ளன. அந்தப் படிவுக்கு முற்றா நிலக்கரி, அதாவது பீட் என்று பெயர். ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரும் இடத்தில், ஒரு மீட்டர் தோண்டினால் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்திருப்போம். ஒவ்வொரு அடுக்கிலும் அந்தக் காலத்து அமீபாக்களின் ஓடுகள் இருக்கின்றன.

ஒவ்வொரு வகைக்கும் பிடித்த ஈரம் வேறு. ஆர்ச்செரெல்லா ஃபிளாவம் தண்ணீர் தளும்பும் இடத்தை விரும்புவது. ட்ரைகோனோபிக்ஸிஸ் ஆர்க்கியூலா காய்ந்த மேட்டுப் பாசியைத் தேடுவது. இன்றைய சதுப்பில் எந்த ஆழத்தில் நீர்மட்டம் இருந்தால் எந்தெந்த வகை எவ்வளவு இருக்கும் என்று முதலில் அளந்து கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பழைய அடுக்குகளுக்குப் பொருத்தினால், ஓடுகளை எண்ணியே அன்றைய நீர்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் பிழைக்குள் மதிப்பிட முடிகிறது. மழைமானியும் ஏட்டுக் குறிப்பும் இல்லாத காலத்து வறட்சியையும் ஈரத்தையும் இப்படித்தான் மீட்டெடுக்கிறார்கள். உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், உலகக் காடுகள் அனைத்தையும்விட அதிகமான கார்பனை அடக்கி வைத்திருப்பவை. அவை காய்ந்தால் அந்தக் கார்பன் காற்றில் கலக்கும். அதனால் அவற்றின் ஈர வரலாறு உலகத்துக்கே தேவையான தகவல்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்க் கூழை நுண்ணோக்கியில் பார்க்கும் பணியாளர்கள் ஆர்செல்லாவும் யூக்ளைஃபாவும் தென்பட்டால் நிம்மதி அடைவார்கள். கழிவின் சுமை குறைந்து, அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வேலை நன்றாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இவ்வளவு சிறிய உயிர் காற்றில் பறந்து எங்கும் பரவிவிடும். ஆகவே உலகம் முழுக்க ஒரே வகைகள்தான் இருக்கும் என்று ஒரு கருத்து நெடுநாள் வலுவாக இருந்தது. அதை அசைத்தவற்றில் அபோடெரா வாஸ் என்ற அமீபா முக்கியமானது. கழுத்து குறுகிய குடுவை வடிவம். ஒருமுறை பார்த்தவர் வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வழியில்லை. தென் அமெரிக்கா, நியூசிலாந்து போன்ற தென்பகுதிகளில் தாராளமாகக் கிடைக்கும் அது, தலைமுறைகளாகத் துருவித் தேடப்பட்ட ஐரோப்பியச் சதுப்புகளில் கிடைக்கவே இல்லை. நுண்ணுயிர்களுக்கும் தாயகம் உண்டு.

நீங்களும் பார்க்கலாம். மழைக்குப் பின் சுவரிலோ மரப்பட்டையிலோ படர்ந்த பாசியில் ஒரு பிடி எடுத்து, கொஞ்சம் நீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். சிறிது நேரம் தெளிய விட்டு, அடியில் படிந்ததில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வையுங்கள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும், நூறு மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியே போதும். முதலில் அகப்படுபவை பெரும்பாலும் வெற்று ஓடுகளாக இருக்கும். பொறுமையாகத் தேடினால் உயிருள்ளவையும் தென்படும். கண்டதை வரையுங்கள். எடுத்த இடம், நாள், பாசி வளர்ந்திருந்த பரப்பு மூன்றையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஓடுடை அமீபாக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி குளிர்நாடுகளிலிருந்து வந்தது. வெப்பமண்டல நாடுகளில் தேடியவர்கள் மிகவும் குறைவு.